குமுதவல்லிக்கு ஐந்து நட்சத்திரம்

ஒரு காட்டில், கொஞ்சம் நெட்வொர்க் கிடைக்கிற தெற்குப் பக்கமாக, ஒரு கிழட்டுப் புலி ராஜாவாக இருந்தது. ஓடிப்பிடித்து வேட்டையாட அதன் முட்டி இடம் கொடுக்கவில்லை. அதனால் நாளுக்கு ஒரு மிருகம் தானாகவே குகைக்கு வந்துவிட வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. யார் போவது என்று தினமும் சண்டை. முயல்கள் மான்களைக் கைகாட்டின. மான்கள் பன்றிகளைக் கைகாட்டின. பன்றிகள் யாரைக் காட்டுவது என்று தெரியாமல் தங்களையே காட்டிக்கொண்டு மாட்டின.

"இதுக்கெல்லாம் இப்ப செயலி வந்தாச்சு மகாராஜா" என்றது சாம்பமூர்த்தி என்னும் நரி. ஒப்பந்தத்தையும் தானே எடுத்துக்கொண்டது. செயலிக்கு 'இன்றைய விருந்து' என்று பெயர். மிருகங்களின் பெயரும் எடையும் அதில் இருக்கும். புலி காலையில் பொத்தானை அமுக்கினால் ஒரு பெயர் வரும். அந்தப் பெயரைத் தவிர வேறு யாரையும் தொடுவதில்லை, ஒரு நாளைக்கு ஒரு விருந்துக்கு மேல் உண்பதில்லை என்று யானையின் முன்னால் புலி சத்தியம் செய்தது. யானை சும்மா சாட்சி இல்லை. சத்தியம் தவறினால் புலியின் இடுப்பில் அது உட்காரும் என்பது ஏற்பாடு.

இன்னொரு சலுகையும் இருந்தது. செயலி வேலையில் இருப்பவர்களைப் புலி தின்னாது.

இதைக் கேட்டதும் காடே ஐடி படிக்கக் கிளம்பிவிட்டது. நவநீதன் என்ற மயில் புரோகிராமராகச் சேர்ந்தது. தோகை உள்ளவனுக்கு இன்டர்வியூ எல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். குமுதவல்லி என்ற சருகுமானுக்குத் தோகையும் இல்லை, கொம்பும் இல்லை. முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பக்கத்தில் இலை விழுந்தால் மயங்கி விழுகிற ரகம். அது உயிருக்குப் பயந்து, ஆலமரத்தில் காகம் நடத்திய 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' டெஸ்டிங் வகுப்பில் சேர்ந்தது.

"டெஸ்டிங்னா ஒண்ணும் இல்லம்மா" என்றது காகம். "பாம்பு நடு வயல்ல படுக்காது, வரப்புலதான் படுக்கும். பிழையும் அப்படித்தான். அஞ்சு கிலோவுல இருந்து ஐநூறு கிலோ வரைக்கும்னு சொன்னா, நூறு, இருநூறுன்னு போட்டு நேரத்தை வீணாக்காத. நாலு போடு, அஞ்சு போடு. ஐநூறு போடு, ஐநூத்தி ஒண்ணு போடு. எழுதச் சொன்ன இடத்தைக் காலியா விடு. ஒரு தடவை அமுக்கச் சொன்னா ரெண்டு தடவை அமுக்கு. கடைசியில செய்யச் சொன்னதை முதல்ல செய். எங்கயாவது உடையும்."

குமுதவல்லிக்கு இது ரொம்பவே பிடித்துப்போனது. பயந்த பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. என்னவெல்லாம் கெட்டுப்போகும் என்று பிறந்ததிலிருந்து அது யோசித்துக்கொண்டுதான் இருந்தது. இப்போது அதற்குச் சம்பளமும் கிடைத்தது.

வேலையில் சேர்ந்த கையோடு பிழைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஐநூற்றொரு கிலோ என்று போட்டால் காட்டெருமை முயலாக மாறியது. பொத்தானை இரண்டு முறை அமுக்கினால், காலையில் தின்னப்பட்டவருக்கே மத்தியானமும் அழைப்பு போனது. பெயரைக் காலியாக விட்டால், "அன்புள்ள அவர்களே, தங்கள் இறைச்சிக்கு நன்றி" என்று காடு முழுவதற்கும் செய்தி பறந்தது.

மயிலிடம் போய்ச் சொன்னால் அது உடனே தோகையை விரித்துவிடும். "என் மெஷின்ல நல்லா ஓடுதே மேடம்!"

நரியிடம் போனால், "யாரும்மா ஐநூத்தி ஒரு கிலோ போடப் போறாங்க?" என்று கேட்கும்.

"காட்டெருமை சார்."

"அதுகிட்டப் போய் ஒரு கிலோ குறைக்கச் சொல்லு."

ஒவ்வொரு சோதனைக்கும் ஏதாவது ஒரு பெயர் போட வேண்டும் இல்லையா? அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் குமுதவல்லியும் செய்தது. தன் பெயரையே போட்டது. குமுதவல்லி, ஐந்து கிலோ. குமுதவல்லி, ஐநூறு கிலோ. குமுதவல்லி குமுதவல்லி, பூஜ்யம் கிலோ. இப்படியே பக்கம் பக்கமாகக் குமுதவல்லி.

திறப்பு விழாவுக்கு முந்தின சாயங்காலம் அது இன்னொரு பிழையைக் கண்டுபிடித்தது. சாப்பிட்டு முடித்த பிறகு புலி நட்சத்திரம் போட்டு விருந்தைப் பாராட்டலாம். சாப்பிடும் முன்பே நட்சத்திரம் போட்டுவிட்டால், விருந்து முடிந்ததாகச் செயலி முடிவு கட்டிவிடும். குமுதவல்லி மூச்சிரைக்க ஓடியது. நரி தோரணம் கட்டிக்கொண்டிருந்தது.

"இனிமே யாராவது பிழை கிழைன்னு வந்தீங்க, நாளைக்கு முதல் விருந்து அவங்கதான்" என்றது, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

குமுதவல்லி வாயை மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பியது.

மறுநாள் யானை ரிப்பன் வெட்டியது. புலி பொத்தானை அமுக்கியது. 'இன்றைய விருந்து: குமுதவல்லி' என்று வந்தது. கூட்டம் கைதட்டியது. குமுதவல்லி மயங்கி விழுந்தது. சோதனைக்குப் போட்ட பெயர்களை அழிக்காமல் அப்படியே ஏற்றிவிட்டிருந்தார்கள் பாவிகள்!

மயக்கம் தெளிந்ததும் அது நரியைப் பிடித்துக்கொண்டது. "சார், வேலை செய்யறவங்களைத் தின்ன மாட்டாங்கன்னு சொன்னீங்களே!"

"அந்த வசதி அடுத்த வெர்ஷன்ல வரும்மா."

"உள்ள முழுக்க என் பேருதான் சார் இருக்கு!"

"அதுவரைக்கும் கொஞ்சம் சமாளிச்சுக்கோ."

குமுதவல்லி குகைக்குள் போனது. புலி வாயைத் திறந்தது. அந்தப் பல்லைப் பார்த்ததும் குமுதவல்லிக்குப் படித்ததெல்லாம் மறந்துபோய், ஒன்றே ஒன்றுதான் நினைவில் நின்றது.

"மகாராஜா, முதல்ல ஸ்டார் போட்டுடுங்க!"

"சாப்பிடாம எப்படிம்மா போடறது?"

"சாப்பிட்டப்புறம் கையெல்லாம் ரத்தமா இருக்குமே மகாராஜா. புது போன், கறையாயிடும்."

புலிக்கு அது நியாயமாகப் பட்டது. நகத்தால் தட்டி, காசா பணமா என்று ஐந்து நட்சத்திரமும் போட்டது. 'விருந்து முடிந்தது. நாளை சந்திப்போம்' என்றது திரை.

புலி திரையைப் பார்த்தது. மானைப் பார்த்தது. "நான் உன்னைச் சாப்பிட்டேனா?"

"செயலி அப்படித்தான் சொல்லுது மகாராஜா."

"வயிறு ஒண்ணும் சொல்லலையே?"

குகை வாசலில் நின்ற யானை ஒரு முறை செருமிவிட்டு, மெல்லப் பின்பக்கத்தைத் திருப்பியது.

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன்" என்று புலி அவசரமாக ஏப்பம் விட்டது.

மறுநாள் 'குமுதவல்லி, ஐநூறு கிலோ' என்று வந்தது. புலி நாக்கில் எச்சில் ஊறக் காத்திருந்தது. அதே சருகுமான் வந்து நின்றது.

"ஐநூறு கிலோன்னு போட்டிருக்கே?"

"நேத்து நீங்க சாப்பிட்டதுல கொஞ்சம் இளைச்சுட்டேன் மகாராஜா."

புலி அன்றும் முதலில் நட்சத்திரம்தான் போட்டது. வயசானவர்களுக்கு போனில் ஒரு வரிசை பழகிவிட்டால், ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

இப்படியே போனது. தினமும் ஐந்து நட்சத்திரம் என்பதால் பக்கத்துக் காட்டில் நரிக்கு மாலை போட்டு விருது கொடுத்தார்கள். இங்கே புலிக்கு விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தது. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று சொல்லி வைத்தவர்கள் இந்தப் புலியைப் பார்த்ததில்லை. குகைக்குப் பின்னால் அது திருட்டுத்தனமாக மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த குமுதவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் அழுகை வேறு, உயிர் வேறு.

கடைசியில் ஒரு காலை புலி எல்லோரையும் வரவழைத்தது. "செயலி நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பசிக்குது."

"என் மெஷின்ல பசிக்கலையே மகாராஜா" என்றது மயில்.

நரி திரும்பியது. "ஏம்மா குமுதவல்லி, ஏதாவது பிழை இருக்கா?"

உண்மையைச் சொன்னால் அந்த இடத்திலேயே அது விருந்து. குமுதவல்லி நரியைப் பார்த்துக் கும்பிட்டது. "நான் சொன்னா என்ன சார் மதிப்பு? நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. மகாராஜாவுக்கு நம்பிக்கை வரும்."

அதுவரை அந்தச் செயலியை ஒரு முறைகூடத் திறந்து பார்க்காத நரி, "குடு இங்க" என்று போனைப் பிடுங்கியது. புதிதாக ஒரு பெயர் கேட்டது செயலி. சும்மா செய்து காட்டத்தானே என்று நரி தன் பெயரையே போட்டது. பொத்தானை அமுக்கியது. கடைசியாக ஏறிய பெயரையே செயலி எடுத்தது. 'இன்றைய விருந்து: சாம்பமூர்த்தி' என்று வந்தது. யானை எட்டிப் பார்த்துத் தலையாட்டியது.

"பாருங்க மகாராஜா" என்று நரி நிறுத்தி நிதானமாக விளக்கியது. "இதுல வரிசை மாறக் கூடாது. முதல்ல பேரு வரும். அப்புறம் சாப்பிடணும். சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் ஸ்டார்."

"முதல்ல சாப்பிடணுமா?"

"ஆமாம் மகாராஜா. அதானே முறை!"

ஆண்டவனால் முடியாததைப் பசி செய்தது. புலி முறை தவறாமல் எல்லாவற்றையும் செய்தது. செயலியும் ஒரு குறை இல்லாமல் வேலை செய்தது. நரி கொஞ்சம் கசந்ததால் நாலு நட்சத்திரம்தான்.

காலியான மேலாளர் நாற்காலியில் அன்றைக்கே குமுதவல்லியை உட்காரவைத்தார்கள். அது முதல் வேலையாகத் தன் பெயரை ஒன்று விடாமல் அழித்தது. அப்போது மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தது.

"மேடம், ஒரு விஷயம். என் மெஷின்லயே ஒரு பிழை இருக்கு."

குமுதவல்லி எழுந்து போய்க் கதவைச் சாத்தியது.

"சத்தமா சொல்லாதீங்க தம்பி" என்றது. "பத்திரமா வெச்சுக்கோங்க."

நீதி: ஆபத்தில் உதவுபவனே நண்பன். சொல்லாமல் வைத்திருக்கும் பிழை அவனைவிட நெருங்கிய சொந்தம்.