வாய் திறக்காத வழிகாட்டி

ஓய்வு பெற்ற அம்பயர் என்று ஒரு ஜீவராசி உலகத்தில் கிடையாது. அப்படிச் சொல்லப்படுகிறவர்கள் கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவர்கள், அவ்வளவுதான். இங்கே அவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலியும் 'வழிகாட்டி' என்ற பட்டமும் கிடைக்கின்றன. சிறுவர் பேஸ்பால் நடக்கிற எந்த ஊருக்கு வேண்டுமானாலும் சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். பதினைந்து வயது அம்பயர் ஒருவர் முகமூடி மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த அம்பயருக்கு நேர் பின்னால், வலையில் மூக்கு உரசுகிற தூரத்தில், நம்முடைய ஆள் இருப்பார். ஆட்டம் தொடங்குமுன் யாரும் கேட்காமலே ஒரு வாக்குக் கொடுப்பார்.

"நான் வாயே திறக்க மாட்டேன்."

எங்கள் எல்க் ஃபோர்டில் அவர் பெயர் ஆர்லின் ட்வைட். பயிர்க் காப்பீடு விற்கிறவர். முப்பத்தொரு கோடை அம்பயராக நின்று, வலது முழங்கால் மறுத்த பிறகு வழிகாட்டியானவர். ஆட்டம் நடக்கும்போது வழிகாட்டி பேசக் கூடாது என்பது சங்கத்தின் விதி. ஆர்லின் நாணயஸ்தர், விதியை மீறியதே இல்லை. ஆனால் மனிதனுக்கு வாய் ஒன்றுதானா இருக்கிறது? பந்து தாழ்வாக வந்தால் அவர் புருவம் தாழும், வெளியே விலகிப் போனால் தோளும் கூடவே விலகும், 'ஸ்ட்ரைக்' என்று கூவ வேண்டிய நல்ல பந்தை இளம் அம்பயர் தவறவிட்டால் மென்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதை தொண்டைக்குள் போய் இருமலாகத் திரும்பும், ஓட்டக்காரன் அவுட்டானால் தொப்பி உயரும், தீர்ப்பு வர அரை நொடி தாமதமானால் நாற்காலி கிறீச்சிடும், அத்தனைக்கும் அப்புறம் அவர் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்து, பாருங்கள், மூடித்தானே இருக்கிறது என்று நான்கு திசைக்கும் காட்டுவார்.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. மூன்று வருடத்தில் அதில் 'நன்று' என்ற சொல் இரண்டே முறை வந்திருக்கிறது. ஒன்று புல்லைப் பற்றி. ஆட்டம் முடிந்ததும் வண்டியின் பின்பலகையை இறக்கி, அம்பயரை அதில் உட்காரவைத்து, "மூணே மூணு விஷயம்" என்று ஆரம்பிப்பார். முதல் விஷயம், மட்டைக்காரன் காலடியில் பதித்திருக்கும் ஹோம் பிளேட் பலகையைத் தூரிகையால் துடைக்கும்போது பின்புறத்தை ஜனங்களுக்குக் காட்டாமல் மைதானத்துக்குக் காட்ட வேண்டும் என்பது. இரண்டாவது, அதற்கான காரணம். மூன்றாவதற்குப் பதினொரு உட்பிரிவுகள்.

கையில் உள்ளதைக் கொடுப்பது ஒரு கணத்து வேலை. கொடுத்ததை அடுத்தவர் எப்படி வைத்துக்கொள்கிறார் என்று எட்டிப் பார்க்காமல் இருப்பது ஆயுள் முழுவதற்குமான வேலை. முதலாவதைச் செய்தவர்கள் இரண்டாவதும் கூடவே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். பெருந்தன்மை என்று நாம் பாராட்டுவதில் பாதி இந்தக் குழப்பம்தான்.

போன வருடம் எட்டுப் பிள்ளைகள் அம்பயராகச் சேர்ந்தார்கள். ஜூலைக்குள் ஏழு பேர் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏழு பேருக்கும் நோட்டில் ஒரே காரணம்: குரல் போதாது. இந்த வருடம் மிஞ்சியிருந்தவள் டெலேனி. பல்லில் கம்பி, தோளுக்குப் பெரிதான மார்புக் கவசம், தான் வயதில் சிறியவள், திட்டாதீர்கள் என்று பெற்றோருக்குச் சொல்லும் பச்சைப் பட்டை கையில். நான்காவது ஆட்டத்துக்கு முன்னால் அவள் நேரே ஆர்லினிடம் வந்தாள்.

"சார், இன்னிக்கும் போன வாரம் மாதிரி ஆச்சுன்னா இந்த முகமூடியை உங்க கையிலேயே குடுத்துட்டுப் போயிடுவேன்."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"நான் ஸ்ட்ரைக்னு கத்தறேன். ஒருத்தர் கூட என்னைப் பாக்கறதில்ல. எல்லாரும் எனக்குப் பின்னாடி எங்கேயோ பாக்கறாங்க."

ஆர்லின் உண்மையிலேயே பயந்துபோனார். இவளும் போனால் சனிக்கிழமை ஆட்டங்களுக்கு ஆள் இல்லை. தாடையைத் தடவி நெடுநேரம் யோசித்தார்.

"குரல் பத்தல," என்றார். "அடிவயித்துலேர்ந்து வரணும்."

ஆட்டம் தொடங்கியது. மஞ்சள் சட்டைக்காரர்களுக்கும் நீலச் சட்டைக்காரர்களுக்கும் போட்டி. மூன்றாவது பந்திலேயே மஞ்சள் பக்கத்து அப்பா ஒருவர் கேட்டார்:

"அது ஸ்ட்ரைக்கா ஆர்லின்?"

ஆர்லின் உதட்டில் விரல் வைத்தார். தலை மட்டும் மெல்ல இடவலமாகப் போய் வந்தது.

"பாத்தீங்களா, இல்லைங்கறாரு!"

இடைவேளையில் டெலேனி வலையருகே வந்தாள்.

"சார், தலை."

"தலைக்கு என்ன?"

"ஆட்டறீங்க."

"நானா? கொசும்மா. இந்த வருஷம் ரொம்பத் தொல்லை."

கொசுத் தொல்லை கடைசிச் சுற்று வரை இருந்தது. அப்போது மஞ்சள் அணி ஒரு ஓட்டம் முன்னால். நீல அணிப் பையன் ஒருவன் மைதானத்தின் மூன்றாவது தளத்திலிருந்து ஹோம் பிளேட்டை நோக்கி ஓடி வந்தான். பந்தும் வந்தது. கால் பிளேட்டைத் தொடுமுன் பந்துள்ள கையுறை அவன் மேல் பட்டால் அவுட், கால் முந்தினால் சேஃப். பையன் சறுக்கினான், பிளேட்டுக்குப் பின்னால் பந்து பிடிக்கிற கேட்சர் கையுறையைத் தாழ்த்தினான், கால்விரலும் கையுறையும் புழுதியும் ஒன்றாகக் கலந்தன. டெலேனி குனிந்து பார்த்தாள். இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

"சேஃப்!"

ஓட்டம் கணக்கில் சேர்ந்தது. ஆட்டம் சமன். நீலப் பக்கம்கூடக் கைதட்டவில்லை, ஏனென்றால் வலைக்குப் பின்னால் ஆர்லின் ட்வைட் முழங்காலை மறந்து எழுந்து நின்று, முப்பத்தொரு கோடையின் முழு அழகோடு, வலது முஷ்டியை வானத்துக்கு உயர்த்தியிருந்தார். அவுட்.

வாய் மூடியேதான் இருந்தது.

மஞ்சள் அணியின் பயிற்சியாளர் கர்ட் பாய்ந்து வந்தார்.

"ஏம்மா, உங்க வாத்தியாரே அவுட்டுங்கறாரு! அப்புறம் என்ன சேஃபு?"

ஆர்லின் தன் முஷ்டியைப் பார்த்தார். யாரோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்தார். அறுபது முகங்கள், அத்தனையும் அவர் மேல். பிளேட்டருகே நின்ற பெண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த 'எங்கேயோ' எந்த இடம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கேதான் அவர் நாற்காலி போட்டிருந்தார்.

டெலேனி முகமூடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வலையை நோக்கி நடந்து வந்தாள். கொடுக்கத்தான் வருகிறாள் என்று ஆர்லின் நினைத்தார்.

"அப்படிப் போய்க் கேளு!" என்றார் கர்ட், உற்சாகமாக.

"சார், வெளிய போங்க," என்றாள் டெலேனி.

"யாரு, கர்ட்டா?"

"நீங்கதான். வண்டிங்க நிக்கற எடத்துக்குப் போங்க. அம்பயரா இல்லாதவங்க கையைத் தூக்கித் தீர்ப்புச் சொல்லக் கூடாது."

"ஆனா அந்தக் கையுறை மொதல்லயே..."

"இப்ப வாயும் தொறந்துட்டீங்க."

குரல் ஒன்றும் பெரிதாக இல்லை. கடைசி வரிசை வரை கேட்டது. கர்ட் ஏதோ சொல்ல வந்தார்.

"நீங்களும் கூடப் போறீங்களா?"

கர்ட்டுக்குத் தன் தொப்பியைச் சரிசெய்ய வேண்டிய அவசரம் வந்துவிட்டது. அதைச் சரிசெய்துகொண்டே திரும்பி நடந்தார்.

ஆர்லின் நாற்காலியை மடக்கினார். அறுபது பேர் முன்னால் நாற்காலி மடக்குவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மடக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அங்கிருந்து மைதானம் தெரியாது, தின்பண்டக் கொட்டகை மறைக்கும். மட்டையில் பந்து படுகிற சத்தம் கேட்டது. பிறகு "ஸ்ட்ரைக்!" என்ற குரல். ஸ்ட்ரைக்தானா? யாருக்குத் தெரியும்! அதற்கப்புறம் ஒரு முணுமுணுப்பு, அதுவும் அடங்கிவிட்டது. ஒருவரும் ஆர்லின் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அரை மணி கழித்து டெலேனி வந்து ஜன்னலைத் தட்டினாள். முகமூடி அவள் கக்கத்தில் இருந்தது.

"அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு சார்?"

"பத்துக்கு." கொஞ்சம் பொறுத்து, "நான் வரட்டுமா?" என்றார்.

அவள் முகமூடியை மறு கக்கத்துக்கு மாற்றினாள்.

"வாங்க. வண்டிலயே இருங்க."

"சரிம்மா. ஆனா அந்தக் கையுறை..."

அவள் போய்விட்டிருந்தாள்.

சரி, அந்தப் பையன் அவுட்டா, சேஃபா? நான் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை; அதைச் சொல்ல வேண்டியவள் சொல்லிவிட்டாள். ஆனால் அவன் புழுதியில் சறுக்கிய வரியிலேயே நீங்கள் ஒரு தீர்ப்புக்கு வந்துவிட்டீர்கள், இல்லையா? உங்களை யார் கேட்டார்கள்? எதற்கும் உங்கள் வலது கையைக் குனிந்து பாருங்கள். மடங்கியிருந்தால், கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போங்கள். வண்டியில் ஆர்லின் நகர்ந்து உட்கார்ந்து இடம் தருவார்.