நடுப்பாலத்தில் நின்ற ரயில் குறித்துச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

ஆற்றின் இக்கரையிலிருந்து வணக்கம். இங்கே என் மனைவி சுகம். வீடு சுகம். மாடியில் வாடகைக்கு இருக்கும் பாலத் திட்ட அலுவலகம் எங்கள் எல்லோரையும்விடச் சுகம். அக்கரையில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும், பிறந்து மூன்று மாதமாகியும் நான் இன்னும் முகம் பார்க்காத என் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி வைக்கப்படவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்ட ரயிலில் நான் வந்து சேராததைப் பற்றி, "தொட்டிலை மட்டும் பார்சல்ல அனுப்பிட்டு, பாதிப் பாலத்துலயே யூ டர்ன் போட்டுட்டாரு" என்று உங்கள் வீட்டில் பேசிச் சிரித்ததாக என் மனைவி மூலம் அறிந்தேன். பேசியது தாங்கள்தான் என்பதை அறியப் பெரிய மூளை தேவையில்லை. சம்பந்தி, நான் பல விஷயங்களை விழுங்கிக்கொண்டு போகிறவன். இது மட்டும் இறங்க மாட்டேன் என்று தொண்டையில் நிற்கிறது. முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். எது எத்தனை மணிக்குக் கிளம்பியது, எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதி எழுதித் தேய்ந்த விரல்கள் இவை. அன்று நடந்ததையும் மணிவாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். படித்த பிறகும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள்.

குழந்தை பிறந்தபோது நான் குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தேன் என்பது தாங்கள் அறிந்ததே. நான்கு மாதத்துக்கு நெடுந்தூர பஸ் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி மட்டும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். திரும்பிய நாளிலிருந்து "மூக்கு அப்படியே எங்க அண்ணன் மூக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், மறுத்துப் பேச என்னிடம் ஆதாரம் இல்லை. எங்கள் மொட்டை மாடியில் ஏறி நின்றால் உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, கொடியில் காயும் குழந்தைத் துணிகள்கூட வெள்ளை வெள்ளையாகத் தெரிகின்றன, ஆனால் வர வேண்டுமென்றால் மேற்கே பழைய பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஏழு மணி நேரம் பஸ். இந்த அநியாயத்தைத் தீர்க்கத்தான் உங்கள் அரசாங்கமும் எங்கள் அரசாங்கமும், இரண்டுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிற எல்லை தாண்டும் போக்குவரத்துக் கூட்டு நிதியமும் சேர்ந்து, உங்களிடமும் என்னிடமும் ஒன்பது வருஷம் வரி பிடித்து இந்த ரயில் பாலத்தைக் கட்டின. கட்டின என்று சொல்கிறேன், ஆனால் முதலில் வந்தது பாலம் அல்ல, பலகை. "இப்பணி கூட்டு நிதியத்தின் உதவியுடன் நடைபெறுகிறது" என்று எழுதிய இரும்புப் பலகை. அதன் நீள அகலம், எழுத்தின் உயரம், நீலத்தின் நிறம் எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது; எங்கே நடக் கூடாது என்பதற்கு மட்டும் விதி இல்லாததால் என் வாசலுக்கு நேரே நட்டுவிட்டார்கள். மூன்று வருஷமாக ஸ்கூட்டரைச் சாய்த்து, கண்ணாடியை மடக்கி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நான் என் வீட்டைவிட்டு வெளியே போகிறேன்.

மாடி அலுவலகத்துப் பொறியாளரைத் தங்களுக்குத் தெரியாது. படியேறும்போதுகூட மஞ்சள் தொப்பியைக் கழற்றாதவர் என்பதால் நாங்கள் அவரைத் தொப்பி என்றே சொல்வோம். நல்ல மனிதர்தான், ஆனால் எதைக் கேட்டாலும் எத்தனையாவது கட்டம் என்றுதான் பதில் சொல்வார். அவர் பத்து நாளுக்கு முன்னால் இறங்கி வந்து, "சார், சோதனை ஓட்டத்துக்கு ஒரு பயணி வேணும். அக்கரையில ரத்த சொந்தம் இருக்கணும்னு விதி. உங்களை விட்டா வேற யாரு சார்?" என்றார். பதினோரு நிமிஷப் பயணம். டாக்டரும் சரி என்றார். நான் மறைக்கவில்லை சம்பந்தி, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வுபெற்ற பிறகு என்னை விட்டால் வேறு யாரு என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டேன். படுக்கையிலிருந்து எழுந்த பிறகு, சும்மா இருக்க முடியாமல் நானே உட்கார்ந்து இழைத்துச் செய்த தொட்டிலையும் எடுத்துக்கொண்டேன். நான் கனம் தூக்கக் கூடாது என்பதால் தொப்பியே தூக்கி வந்தார். டிப்போவிலிருந்து பழைய டிரைவர்கள் நாலு பேர் வழியனுப்ப வந்து, "தலைவரே, போர்டு மாத்தி வேற ஊருக்குப் போயிடாதீங்க" என்று கேலி செய்தார்கள்.

பத்து மணிக்குக் கிளம்ப வேண்டிய ஒற்றைப் பெட்டி ரயில், புகைப்படம் எடுப்பவர் வராததால் 10.12க்குக் கிளம்பியது. 10.19க்குப் பாலத்தின் நட்டநடுவில், எல்லைக்காகப் போட்ட மஞ்சள் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஏதோ சிக்னல் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். 10.40க்கு, கூடவே ஏறியிருந்த தொப்பியிடம் விசாரித்தேன். எங்கள் பக்கத்துக் கம்பியில் ஓடும் மின்சாரம் ஒரு அளவாம், உங்கள் பக்கத்துக் கம்பியில் ஓடுவது வேறு அளவாம், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் கருவி மூன்றாம் கட்ட நிதியில் வருகிறதாம், அந்த நிதி அனுமதிக்கப்பட்டுவிட்டதாம், விடுவிக்கப்படவில்லையாம். "இது உங்களுக்கு நேத்தே தெரியாதா?" என்று கேட்டேன். "போன வருஷமே தெரியும் சார். ஆனா இந்த மாசத்துக்குள்ள சோதனை ஓட்டம் நடத்தலைன்னா ரெண்டாம் கட்ட நிதி திரும்பிப் போயிடும்" என்றார். "அப்ப காலிப் பெட்டியை ஓட்டிட்டுப் போக வேண்டியதுதானே? என்னை எதுக்கு ஏத்தினீங்க?" என்றேன். அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், "பயணி இல்லாம ஓடினா அது சோதனை ஓட்டம் இல்ல சார், பராமரிப்பு ஓட்டம். பராமரிப்புக்கு நிதி கிடையாது" என்றார்.

சரி, அரைக் கிலோமீட்டர்தானே, நடந்தே போய்விடுகிறேன், கதவைத் திறங்கள் என்றேன். திறந்தார்கள். இறங்கினேன். மஞ்சள் கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினால் காவலாளி விசிலை ஊதுகிறார்! பாலத்தில் நடைபாதை இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன். ஏன் இல்லை என்று கேட்டேன். சம்பந்தி, அந்தப் பதிலை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். நடைபாதை என்பது உள்ளூர்ப் போக்குவரத்தாம், உள்ளூர்ப் போக்குவரத்துக்கு இந்த நிதியம் ஒரு செங்கல்கூடக் கொடுக்காதாம். அதாவது அதே பாலத்தில், அதே ஆற்றின் மேலே, அதே பேரனைப் பார்க்கப் போகிற அதே நான், உட்கார்ந்து போனால் சர்வதேசம், நடந்து போனால் உள்ளூர்! வரி பிடிக்கும்போது மட்டும் நான் நிற்கிறேனா உட்கார்ந்திருக்கிறேனா என்று யாராவது கேட்டார்களா?

அதற்குள் உங்கள் பக்கத்துக் காவலாளியும் வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் தொட்டிலைப் பார்த்து, "ஐயா, இது பயணச் சாமானா, சரக்கா?" என்றார். அவ்வளவுதான், தொப்பியின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. சரக்கு என்றால் சரக்குப் போக்குவரத்துச் சோதனையும் இன்றே முடிந்ததாக எழுதிக்கொள்ளலாம், அது முதல் கட்டத்திலேயே பாக்கி நிற்கிறதாம். உடனே தண்டவாளத்தில் கையால் தள்ளுகிற நாலு சக்கர டிராலி ஒன்று வந்தது. தொட்டிலை ஏற்றினார்கள். நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். "சரக்கு வண்டியில பயணி ஏறக் கூடாது சார்" என்றார்கள். "அப்ப என்னையும் சரக்குன்னு எழுதிக்கோங்க" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன், ஆனால் தொப்பி விதிப் புத்தகத்தைப் பிரித்துவிட்டார். பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "உயிருள்ள சரக்குன்னா கால்நடை மருத்துவர் சான்று வேணும் சார்" என்றார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். 11.55க்குத் தொட்டில் மஞ்சள் கோட்டைத் தாண்டியது. இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். நான் அடித்த ஆணி சர்வதேசமாகிவிட்டது, அடித்தவன் உள்ளூரிலேயே நின்றேன்.

இனிமேல் எழுதப் போவதைத் தாங்கள் தவறாக நினைத்தாலும் எழுதத்தான் போகிறேன். அந்த மூன்றரை மணி நேரமும் அக்கரை நடைமேடையில் ஒரு வெள்ளைக் குடை தெரிந்தது. அதன் கீழே தங்கள் உடல்வாகில் ஒருவர், பக்கத்தில் கையில் குழந்தையோடு ஒரு பெண். என் மகளும் பேரனும் என்று தெரிந்த உடனே எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையை ஆட்டினேன், அவளும் ஆட்டினாள். என் மனைவி போனில் கூப்பிட்டு, "என்ன, பேரனைப் பாத்தாச்சா?" என்றாள். "பாத்தாச்சு, கடுகு சைஸுக்கு" என்றேன். நின்ற இடத்திலிருந்தே இரண்டு கையையும் உயர்த்தி, நல்லா இருடா ராஜா, நூறு வயசு இருடா என்று வாய்விட்டு ஆசீர்வாதம் செய்தேன். காவலாளி திரும்பிப் பார்த்ததைக்கூட லட்சியம் செய்யவில்லை. ஆனால் தாங்கள்? உங்கள் பக்கத்துப் பொதுமக்கள் குழுவுக்குத் தலைவர். வாயைத் திறந்தால் ஊரே கேட்கும் குரல். என் சம்பந்தியை விடுங்கள் என்று ஒரு சத்தம் போடவில்லை, ஒரு அடி முன்னால் வரவில்லை, குடை நிழலில் ஏதோ பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டீர்கள்! 12.50 முதல் 1.15 வரை சாப்பிட்டீர்கள். குறித்திருக்கிறேன். 1.49க்கு ரயில் பின்பக்கமாக நகர்ந்து என்னை ஏறின இடத்திலேயே இறக்கிவிட்டது. பழைய டிரைவர்கள் இன்னும் அங்கேயே இருந்தார்கள். ஒருவர்கூடக் கேலி பேசவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது.

ஆகவே, மாத முடிவில் மாடியைக் காலி செய்யும்படி திட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நடைபாதை போட்டு, அந்தக் கருவியையும் வைத்து, தாங்கள் நேரில் வந்து அழைத்தாலொழிய அந்தப் பாலத்தில் காலெடுத்து வைப்பதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன். நிதியத்துக்கு ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இரு கரையிலும் ஒவ்வொருவர் கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவார்களாம். குடையை யாரிடமாவது பிடிக்கக் கொடுத்துவிட்டுத் தாங்கள் ஒரு கையெழுத்துப் போட முடியுமானால் நல்லது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள், மாப்பிள்ளைக்கு அன்பு, என் மகளுக்கும் பேரனுக்கும் இக்கரையிலிருந்து எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மரியாதை குறையாத, மனம் மட்டும் குறைந்த
சம்பந்தி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு மை காய்வதற்குள் வாசலில் குரல் கேட்டது. என் மகள், ஏழு மணி நேரம் பஸ்ஸில், குழந்தையோடு. "நீங்களும் வர முடியாது, பாலமும் இப்ப வராது. அதான் நானே வந்துட்டேன்" என்றாள். உட்கார வைத்து, மேலே எழுதியதைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே, "அப்பா, நிறுத்துங்க. அந்தக் குடை நாங்க இல்லப்பா. எங்களை நடைமேடைப் பக்கமே விடல. அது நிதியத்துக்காரர் யாரோ, குடும்பத்தோட வந்திருந்தாரு" என்றாள். "அப்ப உங்க மாமா?" என்றேன். "என் சம்பந்தி நடுவுல நிக்கிறாரு, நான் போய்க் கூட்டிட்டு வரேன்னு தண்டவாளத்துல இறங்கிட்டாருப்பா. ரெண்டு பேர் தூக்கிட்டுப் போய் ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்ல உக்கார வெச்சாங்க. இனிமே இறங்க மாட்டேன்னு எழுதி வாங்கிட்டுத்தான் விட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் அவர் ஒரு வாய் சாப்பிடல" என்றாள். பார்சல் என்று சொல்லிச் சிரித்ததும் தாங்கள் இல்லையாம், மாப்பிள்ளையாம். மாப்பிள்ளையை நான் என்ன சொல்ல முடியும்? நான் கண் கலங்கி ஆசீர்வாதம் செய்த அந்தக் குழந்தை யாருடையதோ, அதுவும் நூறு வயசு இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றால், கிழிக்க இரண்டு கை வேண்டும். இடது கையில் அவன் தூங்குகிறான். அசைந்தால் விழித்துக்கொள்வான் என்று மகள் கண்ணாலேயே மிரட்டுகிறாள். எனவே அப்படியே அனுப்புகிறேன். தாங்கள் தயவுசெய்து மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். மூக்கு என் மைத்துனன் மூக்கு இல்லை, சம்பந்தி. நன்றாகப் பார்த்துவிட்டேன். தங்களுடையது.