பேச்சியின் பாலில் குழாய் விட்டேன்

என் கண் முன்னால், எருமை மடியிலிருந்து நேராகச் செம்பில் விழுந்த பாலில், தண்ணீர் எந்த வழியாக வந்து கலந்ததென்று நான் அன்று நினைத்தேன்? நான்கு வருஷமாக யோசிக்கிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

மூத்தவனுக்கு அப்போது எட்டு மாதம். ஒரு காய்ச்சலில் எனக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. பால்காரி பேச்சி, செல்லூரிலிருந்து வைகை மணலைக் கடந்து, சிம்மக்கல்லில் எங்கள் வாசலுக்கே எருமையை ஓட்டி வருவாள். செம்பைக் கவிழ்த்துக் காட்டி, நான் தலையாட்டிய பிறகே கறப்பாள்.

அதோடு நான் அடங்கியிருக்கலாம். எட்டாம் வகுப்பு படித்தவள் ஆயிற்றே! (போதாததற்கு, பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்கும் புத்தி வேறு.) என் நச்சரிப்புத் தாங்காமல், சயன்ஸ் வாத்தியாரான என் கணவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பால்மானி கொண்டுவந்தார். அடியில் குண்டு வைத்த கண்ணாடிக் குழாய். அடர்த்தியான பாலில் உயர்ந்து மிதக்கும். நீர்த்த பாலில் ஆழ இறங்கும். எதுவரை இறங்கலாம் என்பதற்கு ஒரு கோடு.

மறுநாள், நுரை பொங்கும் வெதுவெதுப்பான பாலில் அதை விட்டேன். கோடு முங்கிவிட்டது. கால் பங்கு தண்ணீர்!

"ஏந்தாயி, எருமை மடிக்குள்ள நான் கெணறா வெட்டி வச்சிருக்கேன்?" என்றாள் பேச்சி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. குழாய் பொய் சொல்லாது."

"அப்ப அந்தக் குழாயவே கறந்துக்க தாயி. நா வாரேன்."

தெருவே சிரித்தது. நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்து, தூக்கில் பால் கொண்டுவரும் ஒருவரை வைத்தோம். அவர் பாலில் குழாய் கோட்டிலேயே கச்சிதமாக நின்றது. காய்ச்சினால் ஆடையே படியவில்லை. (அதையும் சுத்தத்தின் லட்சணம் என்று நினைத்த புண்ணியவதி நான்!) குழந்தையோ நாளுக்கு நாள் வாடினான். கண்ணேறு என்று சுற்றிப் போட்டேன், வசம்பு உரைத்துக் கொடுத்தேன். ஒன்றரை மாதத்தில் அவன் காப்பு முழங்கைவரை ஏறியது.

ஒரு நாள் காபியைக் குடித்துவிட்டுக் கணவர் முகம் சுளித்தார்.

"பால ஆற வச்சு, நுரை அடங்கினப்புறம்தானே குழாய விடுற?"

"ஆற வைக்கணுமா?"

"சூட்டுல பால் லேசாயிரும், குழாய் முங்கத்தான் செய்யும். ஆடைய எடுத்துட்டா பால் கனத்துப்போயி குழாய் மேல ஏறும். அப்புறம் தண்ணி ஊத்துனா சரியாக் கோட்டுக்கு வந்துரும். இந்தாளு அதத்தான் பண்றான்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

"படிச்சவ, ஒனக்குத் தெரியாமலா இருக்கும்னு இருந்துட்டேன்."

அன்றே அந்த ஆளை நிறுத்திவிட்டு வேறு பாலுக்கு மாறினோம். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் இன்றும் நான் ரசத்தில் உப்பு பார்த்தால் போதும், "குழாய விட்டுப் பாரேன்!" என்று வீடே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன். அவன் மணிக்கட்டு இன்னும் குச்சியாகத்தான் இருக்கிறது.

இப்போது கைக்குழந்தை ஒருத்தி இருக்கிறாள். எனக்கு மறுபடியும் பால் குறைகிறது. பேச்சி தினமும் எதிர்வீட்டு வாசலில்தான் கறக்கிறாள். என் பக்கம் திரும்புவதே இல்லை. இரண்டு முறை செம்போடு படியிறங்கி, பேச வாய் வராமல் திரும்பிவிட்டேன். சகோதரிகளே, திருடாதவளைத் தெருவில் வைத்துத் திருடி என்று சொன்ன ஒருத்தி, அவளிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள். குழந்தை காத்திருக்க மாட்டாள்.