உலகத்தில் இருபத்திரண்டாவது பிள்ளை

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
வெள்ளிக்கிழமை காலை.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் குகதாசன் அறிய, யோகநாதன் எழுதிக்கொள்வது.

நானும் உமது தங்கச்சி கனகேஸ்வரியும் உமது மருமகள் யதுஷாவும் நல்ல சுகம். நீரும் மச்சாளும் அந்த ரொறன்ரோக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க எங்கள் தெருமுனைப் பிள்ளையாரை வேண்டுகிறோம். வாட்ஸ்அப் இருக்க இந்த மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர். பக்கத்து ஃபிளாட் தனுஷன் இன்றிரவு உங்கள் ஊருக்குப் பறக்கிறான். அவன் பெட்டியில் கனகேஸ்வரி இடித்த மிளகாய்த்தூள் வருகிறது. கடிதம் வைக்காத பார்சல் பார்சலே இல்லை என்பது உமது தங்கச்சியின் கொள்கை. அதோடு, இப்போது சொல்லப்போகிற செய்தியை வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் போட எனக்கு மனம் வரவில்லை.

மச்சான், முதலில் உட்காரும். உமது மருமகள் உலகத்திலேயே இருபத்திரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டாள்!

விளக்கமாகச் சொல்கிறேன். பாங்க் வேலை போதும், உங்கள் ஊர் பிசினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. படிக்கப்போகிறேன் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்பது உமக்குத் தெரியும். அதற்கொரு நுழைவுப் பரீட்சை இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை எழுத வேண்டும். அதில் நன்றாக வந்தால் இந்த வருடம் இடம். இல்லையென்றால் விண்ணப்பத் திகதி தாண்டிவிடும், பிள்ளை பழையபடி பாங்க் கவுண்டருக்குத்தான் போகவேண்டும். லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்து படிக்கிறாள். வாரத்துக்கொரு மாதிரிப் பரீட்சை. கொம்பியூட்டரில் எழுதி முடிந்த கையோடு கொம்பியூட்டரே திருத்திப் புள்ளியும் போட்டுவிடும். முதல் முறை திரையில் ஒரு பெரிய புள்ளியும் பக்கத்தில் 91 என்றும் விழுந்தது. "அது என்ன பிள்ளை தொண்ணூற்றொண்டு?" என்று கேட்டேன். "அதுதானப்பா முக்கியம். உலகம் முழுக்க எழுதின ஆக்களோட பாத்தா நான் எந்த இடத்தில நிக்கிறன் எண்டு காட்டுறது. பெர்சென்டைல் எண்டு சொல்லுறவை," என்றாள். சிரித்துக்கொண்டு வேறு சொன்னாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. உயர்தரப் பரீட்சைக்குத் தீவு நிலை, மாவட்ட நிலை என்று எத்தனையாவது இடம் என்பதைப் போடுகிறார்களே, அதுபோல இது உலக நிலை. வெறும் புள்ளியைப் பார்த்து ஏமாற நான் என்ன நேற்றுப் பிறந்தவனா? மூன்று ஏ எடுத்தும் மாவட்ட நிலை பின்னுக்குப் போனதால் மெடிசின் கிடைக்காமல் வீட்டோடு இருந்த பிள்ளைகளை நாங்கள் காணாததா? தொண்ணூற்றொன்று என்றால் முன்னால் தொண்ணூறு பேர் நிற்கிறார்கள். அந்த வகுப்பிலோ எழுபது பேரைத்தான் எடுப்பார்கள் என்று யதுஷாவே சொல்லியிருந்தாள். பிள்ளை வாசலுக்கு வெளியே நிற்கிறாள், அது தெரியாமல் சிரிக்கிறாள்! அவள் மனம் நோகக்கூடாது என்று, "பரவாயில்லை பிள்ளை, இன்னும் முன்னேறலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் களத்தில் இறங்கினேன்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிற பிள்ளை படிக்கிறதா தூங்குகிறதா என்று யாருக்குத் தெரியும்? மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து ஹோலில், பஸ் ஓயாத காலி வீதி பார்த்த ஜன்னலோடு போட்டேன். கீழே பஸ்காரர் ஹோர்ன் அடிக்க அடிக்கப் பிள்ளைக்கு நல்ல விழிப்பு. நானும் எதிரே கதிரை போட்டு உட்கார்ந்து, அவள் பேனையைக் கீழே வைத்த நேரமெல்லாம், "என்ன பிள்ளை, ஏதும் பிரச்சினையோ?" என்று விசாரித்தபடி இருந்தேன். அடுத்த மாதிரிப் பரீட்சையில் எழுபத்துமூன்று! ஒரே பாய்ச்சலில் பதினெட்டுப் பேரைத் தாண்டிவிட்டாள். ஓடிப்போய் ரிப்பன் கேக் வாங்கி வந்தேன். யதுஷா கேக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண் கலங்க "தாங்க்ஸ் அப்பா" என்றாள். சூட்டோடு சூடாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து மாக்ரெட் ரீச்சரைப் பிடித்தேன். ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர், கொழும்பில் பாதி எஞ்சினியர்மார் அவவிடம் அடி வாங்கியவர்கள். அவவுக்கு வெறும் விடை எழுதினால் பிடிக்காது. தரவு எழுதி, படிப்படியாகச் செய்கை காட்டி, விடைக்குக் கீழே அடிமட்டம் வைத்து இரட்டைக் கோடு போடவேண்டும். "மிஸ், இது விடையை மட்டும் அமத்துற சோதனை," என்று யதுஷா மன்றாடினாள். "செய்கை இல்லாம மாக்ஸ் இல்ல மகள், கோட்டப் போடுங்க," என்று ரீச்சர் பிடித்த பிடியில் நின்றுவிட்டா. பிள்ளை கோடு போட்டு முடிக்கப் பரீட்சை நேரமும் முடிந்தது, பாதிக் கேள்வியைத் தொடவேயில்லை. அப்படியிருந்தும் பாரும், நாற்பத்தெட்டு! பாதிக் கேள்விக்கே நாற்பத்தெட்டாவது இடம் என்றால் முழுதும் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீரே யோசியும். அன்றைக்கு இரண்டு கேக்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு உமது தங்கச்சி சும்மா இருப்பாவா? கோப்பி உடம்புக்குச் சூடு என்று நிறுத்திவிட்டு, ஞாபகசக்திக்கு என்று மூன்று நேரமும் வல்லாரையை இறக்கினா. காலையில் வல்லாரைக் கஞ்சி, மத்தியானம் வல்லாரைச் சம்பல், பின்னேரம் வல்லாரைச் சாறு. கோப்பி இல்லாமல் பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டு, சாறு குடித்த வயிற்றோடு இரண்டு தரம் எழும்பி ஓடி, நேற்று எழுதி முடித்தாள். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு! என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இருபத்திரண்டேதான். யதுஷா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "எனக்கு ஏலாது போல கிடக்கு அப்பா," என்று விம்மினாள். மேலே போகப் போக மனிதருக்கு அடக்கம் வரும் என்பது இதுதான். நானும் அவள் முதுகைத் தடவிக்கொண்டு அழுதேன். கனகேஸ்வரியும் வல்லாரைக் கையோடு வந்து அழுதா. காப்புறுதிக் கம்பனியில் ஆயுள் முழுக்கக் கணக்குப் பார்த்தவன் நான், என் கணக்குப் பிழைக்காது; இந்த வேகத்தில் போனால் அடுத்த சனிக்கிழமை முதலாமிடம் எங்களுடையதுதான். இன்னும் கொஞ்சம் பாரத்தை ஏற்றினால் போதும். மாக்ரெட் ரீச்சரைப் பெட்டி படுக்கையோடு வந்து தங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே மச்சான், மேல்மாடி அறையைப் பிள்ளைக்கு ஒழித்து வையும். உங்கள் சங்க ஒன்றுகூடலில் மைக்கைப் பிடித்து ஒரு வார்த்தை சொன்னால் நல்லது. இருபத்திரண்டு என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லும்.

மச்சாளுக்கு எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் எந்தக் குறையும் அண்டாமல் ஆண்டவன் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உலகப் புகழ் பெறப்போகும் பிள்ளையின் தகப்பன்,
க. யோகநாதன்

பி.கு: மச்சான், மேலே உள்ளதை யாருக்கும் வாசித்துக் காட்டாதேயும். மைக்குக்குக் கிட்டவே போகாதேயும்.

கடிதத்தை மடிக்க முன் பெருமைக்கு யதுஷாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். பாதியில் நிறுத்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அப்பா, தொண்ணூற்றொண்டு எண்டா நூறு பேரில தொண்ணூற்றொரு பேர் எனக்குக் கீழ. இருபத்திரண்டு எண்டா இருபத்திரண்டு பேர்தான் கீழ," என்றாள். உச்சியில் நின்ற பிள்ளையை நான்தான் கையைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறக்கியிருக்கிறேன், மச்சான். படிக்குப் படி கேக் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். "ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நான் விழ விழ நீங்கள் கேக் வாங்கித் தந்தனீங்கள். என்ர மனம் உடையக்கூடாது எண்டு கவலையை மறைச்சுக்கொண்டு வாங்கித் தாறியள் எண்டு நினைச்சன். அப்பிடி ஒரு அப்பாட்ட மேசையை உள்ள போடுங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றாள். அதைக் கேட்டு நான் அழுத அழுகை வேறு அழுகை.

மேசை அறைக்குள் போய்விட்டது. மாக்ரெட் ரீச்சரை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. கோடு போடாத சோதனையும் ஒரு சோதனையா என்று கோபத்தில் இருக்கிறா. நானும் உமது தங்கச்சியும் மத்தியானமே வத்தளையில் என் தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டோம். பரீட்சை முடியும்வரை இங்கேதான். தனுஷன் எயார்போட் போகிற வழியில் இங்கே வந்து கடிதத்தை எடுப்பான். கிழித்துவிட்டு வேறு எழுதப் பார்த்தேன், மாமா வாசித்துச் சிரிக்கட்டும் என்று யதுஷா விடவில்லை. கனகேஸ்வரி சாறு பிழிந்து போத்தலில் விட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறப் பார்க்கிறா. நான் கேற்றடியில் காவல் நிற்கிறேன்.

இப்போதுதான் பிள்ளை போன் எடுத்தாள். நாங்கள் வெளிக்கிட்ட கையோடு கோப்பி போட்டுக் குடித்துவிட்டு இன்னொரு மாதிரிப் பரீட்சை எழுதினாளாம். எண்பத்து நான்கு! கேட்டதும் பழக்கதோஷத்தில் நெஞ்சு திக்கென்றது, பிறகுதான் ரோட்டென்றும் பாராமல் துள்ளினேன். துள்ளி முடிந்து, தகப்பன்மாருக்குள் என் பெர்சென்டைல் எவ்வளவு இருக்கும் என்று பயந்து பயந்து கேட்டேன்.

"தொண்ணூற்றொன்பது அப்பா," என்றாள். "ஆனா வத்தளையிலயே நில்லுங்கோ."