ஏழாம் வட்டத்தில் ஒருவர் விட்டுவிட்டார்

மக்களை நேசித்த அரசுகள் உலகத்தில் எத்தனையோ இருந்திருக்கலாம். நேசத்தைச் சதவீதத்தில் அறிவித்த அரசு எங்களுடையது ஒன்றுதான். போன வருடம் சிகரெட்டுக்கு நாற்பது, மது வகைகளுக்கு ஐம்பது. இந்த வருடம் நேசம் பொங்கி வழிந்ததில் மூன்று தடவை ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது தடவை அறிவித்தபோது அமைச்சருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "இந்த வரி வருமானத்துக்காக அல்ல, உங்கள் உயிருக்காக" என்றார். சபையில் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். வெளியே மேசை இல்லாதவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அந்த நேசத்தை வசூல் செய்யும் பாக்கியம் பெற்றது எங்கள் 'உயிர்காப்புத் தீர்வைத் துறை'. அதில் நான் தலைமை எழுத்தர். எங்கள் அலுவலகத்துக்குள் வந்து பார்த்தால் உங்களுக்கு நெஞ்சு நெகிழும். வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமும் ஒரு மனிதனின் ஆளுயரப் படம், அதன் மேலே "இன்றே விடுங்கள்!" என்று கொட்டை எழுத்து. அதற்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு பலகை. அதன் மேலே "இந்த மாத இலக்கு". வருகிற போகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். வேலை பார்க்கிற நாங்கள் பலகையைப் பார்ப்போம்.

துறையின் சாதனைகளில் தலையாயது 'நலக் காப்பு அட்டை'. பாக்கெட்டோ பாட்டிலோ எது வாங்கினாலும் கடையில் அட்டையைத் தேய்க்க வேண்டும். யார், எந்தத் தெரு, எத்தனை ஊதினார், எத்தனை குடித்தார் என்பதெல்லாம் எங்கள் கணினியில் வந்து விழுந்துவிடும். யாருக்கு எவ்வளவு கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தால்தானே அரசு அளவோடு கவலைப்பட முடியும்?

மூன்றாம் ஏற்றம் முடிந்து ஒரு மாதத்தில் ஓர் அவசரக் கூட்டம். தலைமை, கூடுதல் ஆணையர். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'சதவீதம்'. பசித்தால்கூட "எண்பது சதம் பசி" என்றுதான் சொல்வார் என்று அவருடைய டிரைவர் சத்தியம் செய்கிறார்.

"ஏழாம் வட்டத்து வசூல்ல மூணு சதம் ஓட்டை. என்னய்யா நடக்குது அங்க?" என்று கேட்டார்.

"சில பேர் விட்டுட்டாங்க சார்" என்றேன்.

"எதை?"

"சிகரெட்டு, பாட்டிலு ரெண்டையும்."

எங்கள் கணக்கு அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதுக்கு விட்டாங்க?"

"நாமதான் சார் விடச் சொன்னோம். வாசல்லயே படம் மாட்டியிருக்கோம்."

"சொன்னோம்யா. சொல்றது நம்ம கடமை. அவங்களை யாரு கேக்கச் சொன்னா?"

இதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது. எனவே பயபக்தியுடன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

எங்கள் துறையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எவரால் வசூல் குறைகிறதோ அவருக்கு உடனே மெமோ. ஒரு மழையில் பாலம் உடைந்து சரக்கு லாரிகள் வராமல் போனபோது, அந்தப் பாலத்துக்கே ஒரு மெமோ தயாராகிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. யார் வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஆகவே விட்டவர்களுக்கும் மெமோ கொடுப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. "எதிர்பார்க்கப்பட்ட அளவுக்குக் குறைவாக நுகர்ந்தமைக்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருக." வாசகம் அடியேனுடையது. சதவீதம் தொண்ணூறு சதம் பாராட்டினார்.

அதிக இழப்பை உண்டாக்கியவரிலிருந்து தொடங்கி, கணினி பட்டியலைத் துப்பியது. முதல் ஆள் என் அத்தான்.

அத்தான் என்றால் கூடப் பிறந்த அக்காவின் கணவர். வெல்டிங் பட்டறைக்காரர். நாளுக்கு ஒரு பாக்கெட், வாரத்துக்கு இரண்டு பாட்டில் என்று இருபது வருடம் ஒரு நாள் தவறாமல் நாட்டுக்கு உழைத்தவர். வரி ஏறினால் திட்டுவார், திட்டிக்கொண்டே வாங்குவார். இப்படிப்பட்ட தூண்களை நம்பித்தான் நாங்கள் இலக்கே வைக்கிறோம். அப்படிப்பட்டவர், மூன்றாம் ஏற்றத்தன்று கடைவரை போய்விட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறார். மறுநாள் நெஞ்சு டாக்டரிடம் போனார். "இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஊதினா அப்புறம் என்கிட்ட வர வேண்டிய அவசியமே இருக்காது" என்று டாக்டர் சொன்னாராம். அன்றோடு சரி.

"சார், முதல் ஆள் என் அத்தான்" என்று சதவீதத்திடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"உங்க அத்தானா? நல்லதாப் போச்சு, தபால் செலவு மிச்சம்."

மெமோவை நானே எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வீடு மூன்றாவது மாடி. நான் மேலே போய்ச் சேர்வதற்குள், பின்னாலேயே கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்த அத்தான் என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

"பார்த்தியாடா?" என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "நாப்பத்தோரு நாளாச்சு. முன்னாடியெல்லாம் ரெண்டாவது மாடியில உக்காந்து இருமிட்டுத்தான் வருவாரு. ராத்திரி அந்த இருமல் நின்னா எனக்குத் தூக்கம் போயிடும், மூச்சு இருக்கான்னு மூக்குல கை வச்சுப் பார்ப்பேன். இப்ப நல்லாத் தூங்குறேன்டா."

அத்தான் வாயில் கிராம்பைப் போட்டு மென்றுகொண்டு மெமோவைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"மச்சான், இது பரிசு ஏதாவதா?"

"விசாரணை அத்தான்."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"விட்டுட்டீங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அரசு ஊழியன் என்பதால் சுவரைப் பார்த்தேன்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவில் சதவீதம். இடது பக்கம் தணிக்கை அம்மையார். வலது பக்கம், மருத்துவத் துறையின் பிரதிநிதியாக, அத்தானை விடச் சொன்ன அதே நெஞ்சு டாக்டர். அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சார், நீங்களே சொல்லுங்க. நீங்கதானே விடச் சொன்னீங்க?"

டாக்டர் நெளிந்தார். "க்ளினிக்ல நான் டாக்டருப்பா. இங்க நான் உறுப்பினர்."

"நெஞ்சு ரெண்டு இடத்துலயும் என்னோடதுதானே சார்?"

"உன் மேல எனக்குக் கோபமே இல்ல. ஆனா பாரு, பெரிய நெஞ்சு நோய் வார்டு ஒண்ணு கட்டிட்டு இருக்கோம். இருநூறு கட்டில். எல்லாம் இந்த வரிப் பணத்துல. கட்டடம் பாதியில நிக்குது. நீங்கள்லாம் இப்படித் திடுதிப்புனு விட்டுட்டா நான் வார்டை எப்படி முடிக்கிறது?"

"எல்லாரும் விட்டுட்டா வார்டே வேணாமே சார்."

சதவீதம் பதறிப்போனார். "அப்படி ஒண்ணொண்ணா வேணாம் வேணாம்னு போனா கடைசியில நாங்க எதுக்கு?" என்றார். நல்லவேளையாக இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, பெண் பார்க்க வந்த இடத்தில் பேசுவதுபோலப் பதமாகப் பேசினார். "தம்பி, உங்க நுரையீரல் உங்க உரிமை. நீங்க ஊதவும் வேணாம், குடிக்கவும் வேணாம். வழக்கமாக் கட்டுற வரியை மட்டும் கட்டிடுங்க. உங்க பேங்க் கணக்குலயே பிடிச்சுக்கறோம். உங்களுக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது."

இப்படி ஒரு தீர்ப்பை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. புகைக்காமலே புகை வரி! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தான்கூட, தொல்லை விட்டதென்று தலையாட்டிவிட்டார். அப்போதுதான் தணிக்கை அம்மையார் பேனாவை உயர்த்தினார்.

"சார், பொருள் குடுக்காம அதுக்கு வரி வாங்கினா தணிக்கையில ஆட்சேபணை வரும்."

"அப்ப என்னம்மா பண்றது?"

"பொருளைக் குடுத்துடுங்க."

அத்தனை எளிமையான வழி யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள். மாதம் முப்பது பாக்கெட், எட்டு பாட்டில், அத்தானின் பழைய சராசரிப்படி, வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியது என்று உத்தரவாயிற்று. கொண்டுபோக வேண்டியவர், விவரம் தெரிந்த அலுவலர், அதாவது நான்.

"சார், வீட்டுல வச்சுக்கிட்டு என்னால முடியாது சார்" என்றார் அத்தான். "கடைப் பக்கமே போகாமத்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கேன். தெரு மாத்தி, சுத்திப் போறேன் சார் பட்டறைக்கு."

"குடிக்கணும்னு கட்டாயம் இல்லையே தம்பி. சும்மா வாங்கி வைங்க" என்றார் சதவீதம். டாக்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு காலை வேளையில், இரண்டு கையிலும் இரண்டு பையோடு மூன்று மாடி ஏறினேன். படிக்குப் படி பாட்டில்கள் கிணுகிணுவென்று வரவை அறிவித்தன. கதவைத் திறந்த அக்கா பைகளைப் பார்த்தாள். நான் தயாராக வைத்திருந்த ரசீதையும் பார்த்தாள். ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பினாள்.

"'புகை உயிரைக் கொல்லும்'னு இதுலயே அச்சடிச்சிருக்கு. அதுக்குக் கீழ உங்க ஆபீஸ் சீலு. கொலை பண்றவன்கூட இப்படி எழுதி, சீல் வச்சு, வாசல்ல கொண்டாந்து நீட்டிட்டுக் கையெழுத்துக் கேக்க மாட்டான்டா. உனக்கு வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. பணி நேரத்தில் அப்படி வரக்கூடாது, வந்துவிட்டது.

"அக்கா, நான் என்ன பண்ண முடியும்? உத்தரவு."

"வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு எழுதிட்டுத் தூக்கிட்டுப் போ."

அங்கேதான் சிக்கல். பொருளைக் கொடுக்க முடியவில்லை என்றால் காரணம் எழுத எங்கள் படிவத்தில் மூன்றே மூன்று கட்டங்கள். ஒன்று, வீடு பூட்டியிருந்தது. இரண்டு, குடி மாறிவிட்டார். மூன்று, இறந்துவிட்டார். மறுத்துவிட்டார் என்று ஒரு கட்டம் கிடையாது. அரசின் அன்பை ஒருவர் மறுப்பார் என்று படிவம் தயாரித்தவர்களுக்குத் தோன்றியிருக்காது. முதலாவதைப் போட்டால் நாளைக்கு மறுபடி வர வேண்டும். இரண்டாவதைப் போட்டால் புது விலாசத்தைக் கண்டுபிடிக்கும்வரை தேட வேண்டும். இதை அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அத்தான் உள்ளேயிருந்து வந்தார்.

அக்காவின் கையிலிருந்த பாக்கெட்டை வாங்கினார். அவருடைய கட்டைவிரல் தானாகவே போய் மேல்தாளின் சிவப்பு நாடாவைப் பிடித்துவிட்டது. இருபது வருடப் பழக்கம், அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாடா கால்வாசி கிழிந்தது. அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது; ஆனாலும் அவரைத் தொடவில்லை, திட்டவில்லை, அப்படியே நின்றாள். எனக்கு அந்த வயதிலும் ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு பாக்கெட்டைத் திரும்பப் பைக்குள் போட்டார். கையை வேட்டியில் அழுத்தித் துடைத்தார். அப்புறம் என் கையிலிருந்த படிவத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"மச்சான், மூணாவதைப் போடு."

"அத்தான், மூணாவது வந்து..."

"தெரியுது. படிச்சுட்டுத்தான் சொல்றேன்."

"என்ன பேச்சு இது! வாயைக் கழுவுங்க முதல்ல" என்று அக்கா பதறினாள்.

"சும்மா இரு நீ. மச்சான், நான் செத்துட்டேன்னு எழுதிடு. அப்பவாவது உங்க ஆபீஸ் என்னை உயிரோட விடட்டும்."

அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை அவளே உருவி என் கையில் கொடுத்தாள். நான் மூன்றாவது கட்டத்தில் குறி போட்டு, தேதி எழுதி, சீல் வைத்தேன்.

பதினெட்டு வருடமாக உயிர்காப்புத் துறையில் சம்பளம் வாங்குகிறேன். நான் காப்பாற்றிய முதல் உயிர் இதுதான்.