கவிழ்த்த வாளியில் ஒரு துரை

வெள்ளைக்காரத் துரை, கறுப்புத் துரை, பெரிய துரை, சின்னத் துரை என்று எங்கள் மலைநாட்டுத் தோட்டங்கள் எத்தனையோ துரைமாரைப் பார்த்துவிட்டன. அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் பெரட்டக்காவை மட்டும் வைத்தாலும் பெரட்டக்காவின் தட்டுத்தான் இறங்கும். அவ்வளவு பொல்லாத துரை. இத்தனைக்கும் அவர் சேலை கட்டிய ஓர் ஆசிரிய மாணவி. பிறவியிலேயே இரண்டு கண்ணும் தெரியாது. அவர் வீற்றிருந்த சிம்மாசனம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட ஒரு நீல வாளி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஹட்டனுக்குச் சற்றுத் தள்ளி, தேயிலைக்கு நடுவே இருந்த ஓர் ஆசிரியர் கல்லூரியின் பெண்கள் விடுதியில்தான் அவரைக் கண்டேன். எனக்கு ஒரு வருடம் மூத்தவர், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம். அவர் பிறந்த லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, எதிரேயே பெரட்டுக்களம். விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் பதிந்து, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவதைத்தான் பெரட்டு என்போம். மற்றப் பிள்ளைகள் சேவல் சத்தத்தில் விழித்தபோது இவர் துரையின் சத்தத்தில் விழித்திருக்கிறார். துரை, அவருக்குக் கீழே கண்டாக்கு, கங்காணி என்று எல்லார் குரலும் அவர் தொண்டைக்குள் குடியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் துரையின் சப்பாத்துச் சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருக்கும்.

முதன்முதலில் அந்தக் குரலைக் கேட்டு ஏமாந்தது எங்கள் விடுதி மேற்பார்வையாளர் ரீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டுக் குளிருக்குப் பயந்து இரண்டு சுவெட்டருக்குள் வாழ்ந்தவர். ஒரு நாள் காலையில் குளியலறைப் பக்கம் ஆண்குரல் கேட்டுக் குடையை ஓங்கியபடி ஓடி வந்தார்.

"ஆரது? ஆம்பிளைக் குரல் கேட்டது! எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

வாளியிலிருந்து துரை உறுமியது. "யாரது? பேரு குடுக்காம பெரட்டுக்குள்ள வரக்கூடாது! லைன்ல நில்லு!"

ரீச்சர் குடையை இறக்கி, தன் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பாதியில்தான் சுதாரித்துக்கொண்டார். அன்றிலிருந்து, அதிகாரிகளிடம் வாய் திறக்கப் பயப்படுகிற பிள்ளைகளை நிறுத்திக் கேட்கப் பழக்குகிற தன் பெரட்டை அந்த இடத்தில் நடத்தப் பெரட்டக்காவுக்கு அனுமதி கிடைத்தது. அனுமதி கொடுக்காவிட்டால் தான் பெயர் கொடுத்த கதை ஹட்டன் வரை போய்விடும் என்று ரீச்சருக்குப் பயம்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கண் தெரியும், ஆனால் அரைகுறை. சோடாப் போத்தல் அடிபோலக் கண்ணாடி போட்டும் கரும்பலகை எனக்கு வெறும் கரும்பலகைதான். பக்கத்தில் வைத்துப் பெரிய எழுத்தாக இருந்தால் வாசித்துவிடுவேன். கல்லூரிக் கேள்வித்தாளோ ரோனியோ மெசினில் உருட்டிப் பிரதி எடுத்தது. பொடி எழுத்து, அதுவும் மை வெளிறிப் போயிருக்கும். முதல் தவணைப் பரீட்சையில் பாதிக் கேள்வியை நானே ஊகித்து, கேட்காத கேள்விகளுக்கெல்லாம் அருமையாகப் பதில் எழுதியிருந்தேன். எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டேன். வருட இறுதியிலும் அப்படியானால் கல்லூரியிலிருந்து வெளியே. லிந்துலையில் எங்கள் லயத்திலிருந்து முதன்முதலாக டீச்சராகப் போகிறவள் நான்தான். போன பிள்ளை பெட்டியோடு திரும்பி வந்து நின்றால் அப்பா அந்த லயத்தில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார் என்று நினைத்து நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோட்டத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூரை ஒழுகினாலும், பேர் வெட்டி அன்றைய கூலியை மறுத்தாலும் நாங்கள் வாய் திறக்க மாட்டோம். தொழிற்சங்கத்துத் தலைவர் போய்ப் பேசுவார். எங்கள் அத்தனை பேர் வாயும் அவரிடம்தான் அடகில் இருந்தது. என் கதையைக் கேட்டதும் அப்பா தலைவரைத்தான் அனுப்பினார். அவரும் வெள்ளை வேட்டி கட்டி, பஸ் ஏறி வந்து, கல்லூரி அதிபருக்கு மாலை போட்டு, ஒரு மணி நேரம் பேசினார். வெளியே வந்தவர் முகத்தில் வெற்றிக் களை.

"என்ன சொன்னாருங்க மாமா?"

"எல்லாம் பேசிட்டேன் புள்ள. மேலிடத்துக்கு எழுதுறதாச் சொல்லிட்டாரு. கூரைத் தகரம் சீக்கிரம் வந்துரும்."

பழக்கதோஷத்தில் மனிதர் லயத்துத் தகரத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருந்தார்.

விடுதியே விழுந்து விழுந்து சிரித்தது. பெரட்டக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார்:

"ஒங் கண்ணப் பத்தி ஒங்க தலைவருக்கு என்னடி தெரியும்? ஒனக்கு எவ்வளவு பெரிய எழுத்து வேணும்னு அவருக்குத் தெரியுமா? வாயி இருக்குல்ல? நீயே போயி கேளு."

"பயமா இருக்குக்கா."

"அதுக்குத்தான் பெரட்டு இருக்கு. ஞாயித்துக்கெழம வந்து லைன்ல நில்லு."

அதற்கு முன்பே ஒரு சோதனை வைத்தார். சனிக்கிழமை ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போனோம். எங்கள் இருவருக்கும் சேர்த்து அரைக் கண். திரும்பும்போது பஸ் பலகை எனக்குத் தெரியவில்லை. கண்டக்டரிடம் "மே பஸ் எக்க கொஹேத யன்னே?" என்று சிங்களத்தில் ஒரு வார்த்தை கேட்டால் போதும், எங்கே போகிறது என்று சொல்லிவிடுவான். எனக்குக் கூச்சம். நம் பஸ் மாதிரித்தான் இருக்கிறது என்று நானே முடிவு செய்து அக்காவையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். பஸ் இறங்கிக்கொண்டே போனது. காற்று வெதுவெதுப்பானது. சுவெட்டரைக் கழற்றினேன். பலாவும் பாக்கு மரமும் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பொல்பிட்டியவுக்கு வந்து சேர்ந்திருந்தோம்.

"அக்கா, பஸ் மாறிட்டோம்!"

"தெரியும். அந்த பஸ் இருமுறப்பவே தெரியும். நம்ம பஸ் இப்படி இருமாது."

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"நீ கேக்கலையே," என்று சொல்லிவிட்டு அக்கா நிம்மதியாக மாங்காய் வாங்கித் தின்றார். திரும்பி வருகிற பஸ்ஸை நான்தான் கேட்டுப் பிடித்தேன். பயத்தில் ஒரே பஸ்ஸை டிரைவரிடமும் கண்டக்டரிடமும், ஏறி உட்கார்ந்திருந்த ஒரு பிக்குவிடமும் கேட்டேன்.

அடுத்த நாள் பெரட்டு தொடங்கியது. எனக்கு முன்னால் வரிசையில் காலில் இரும்புக் காலிப்பர் போட்ட சரோஜா நின்றாள். மேல்மாடி வகுப்பைக் கீழே மாற்றக் கேட்கவேண்டும் அவளுக்கு. அவளை வறுத்தெடுத்து அனுப்பிவிட்டுத் துரை என் பக்கம் திரும்பியது. வெள்ளைக் கம்பு தரையில் தட்டியது.

"என்னா வேணும்?"

"சார், தயவு செஞ்சு..."

"தயவு ஸ்டோர்ல இல்ல! என்னா வேணும் சொல்லு!"

"பெரிய எழுத்துல கேள்வித்தாள் வேணுங்க சார்."

"கண்ணாடி போடு!"

"போட்டிருக்கேன் சார்."

"அப்ப ரெண்டு போடு! ஒனக்குப் பெரிய எழுத்து குடுத்தா, நாளைக்குக் காது கேக்காத ஆளு வந்து பெரிய சத்தமா கேள்வித்தாள் வேணும்னு கேக்கும். நான் குடுக்கணுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. துரை உடனே அக்காவாக மாறி, என் முகத்தைத் தடவிக் கண்ணீரைத் துடைத்துவிட்டு, மறுபடி துரையானது. "அழுதா அரைப் பேரு! மறுபடி சொல்லு!"

பல வாரம் இப்படி. மழையிலும் நடந்தது. உலகத்தில் ஓர் அதிகாரி சொல்லக்கூடிய அத்தனை 'முடியாது'களையும் அக்கா சொல்லித் தீர்த்தார். அத்தனைக்கும் என்னிடம் பதில் இருந்தது. இனி எந்த அதிபர் வந்தாலும் ஒரு கை பார்த்துவிடலாம் என்ற தெம்போடு அலுவலகத்துக்குப் போனேன். அக்கா வாசலில் காத்திருந்தார்.

எங்கள் அதிபரும் யாழ்ப்பாணத்தவர். கழுத்தில் மப்ளர் சுற்றிய, அதிராத மனிதர்.

"வாரும் பிள்ளை, இரும்."

அங்கேயே ஆடிப்போனேன். பெரட்டில் யாரும் உட்காரச் சொன்னதில்லை. நான் கண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அவர் முகம் வாடிவிட்டது. பியோனைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி வரவழைத்தார்.

"ச்சா, பாவம். இந்தக் கண்ணோட ஏன் பிள்ளை இவ்வளவு கஷ்டப்படுறீர்? நீர் சோதனை எழுதித்தான் ஆகவேணும் எண்டு இல்லை. படிக்க வந்தனீர் எண்டு நான் நல்லதா ஒரு கடிதம் எழுதித் தாறன். வீட்டை போய் ஆறுதலா இரும், என்ன?"

ஒரு 'முடியாது'கூட வரவில்லை. பதில்களையெல்லாம் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் முழித்தேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க சார்" என்று சொல்லி வந்துவிட்டேன்.

"என்னடி சொன்னாரு?"

"நல்லாப் பேசுனாருக்கா. டீயெல்லாம் குடுத்தாரு."

"தாளு?"

"வீட்டுக்குப் போகச் சொல்றாருக்கா."

பெரட்டக்கா வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். "டீ குடுத்து வெளிய அனுப்புற துரைய நான் கேட்டதே இல்லையேடி."

அவர் காதில் விழுந்த துரைமாரெல்லாம் கத்துகிறவர்கள். இரக்கப்பட்டு ஆளை விரட்டுவது எப்படி என்று அவருக்கு யாரும் செய்து காட்டவில்லை. ஆனால் அக்கா விடுகிற ஆளா? நேரே மேற்பார்வையாளர் ரீச்சரிடம் போனார்.

"ரீச்சர், ஒருத்தரப் பாத்து நீங்க பாவப்பட்டா எப்படிப் பேசுவீங்க?"

"'ஐயோ பாவம் பிள்ளை' எண்டுவன். ஏன் கேக்கிறீர்?"

அக்கா அதை அப்படியே பாடம் செய்தார். மறுநாள் காலையில் வாளியிலிருந்து, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற துரைக்குரலில், "ஐயோ பாவம் புள்ள!" என்ற முழக்கம் எழுந்தது. சமையலறைப் பூனை ஓடியது. ரீச்சர் பதறிப்போய் வந்து, "அப்பிடி இல்லை, நெஞ்சிலை கை வைச்சு, இழுத்துச் சொல்லவேணும்" என்று திருத்தினார். அவர் இழுக்க, இவர் முழங்க, எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் எனக்கு ஒன்று பிடிபட்டது. திட்டுகிறவரிடம் சண்டை பிடிக்கலாம். பாவப்படுகிறவரிடம் நன்றியும் சொல்ல வேண்டும், நம் காரியத்தையும் விடக்கூடாது.

மறுபடி போனேன். மறுபடி நாற்காலி, தேத்தண்ணி.

"என்ன பிள்ளை, இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"இல்லீங்க சார். ஒங்க மனசு நல்ல மனசு. ஆனா கடிதம் வேணாங்க. படிச்சதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தத் தாளுதான் தெரியல. கேள்விய கையால பெருசா எழுதிக் குடுங்க. ஜன்னல் பக்கம் உக்கார விடுங்க. எழுத எனக்குக் கொஞ்சம் நேரம் கூட வேணும். பாஸ் போட வேணாங்க சார். ஃபெயிலானா நானே ஃபெயிலாகிக்கிறேன்."

அதிபர் மப்ளரைத் தளர்த்திக்கொண்டார். "இவ்வளவுதானோ? இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. ஓம், செய்வம்."

ஆனால் எனக்குள் சாவி கொடுத்தது நிற்கவில்லை. "நாளைக்குக் காது கேக்காதவங்க வந்தா என்ன செய்றதுன்னு நீங்க கேப்பீங்க சார், அதுக்கு என்ன சொல்றேன்னா..."

"நான் அப்பிடிக் கேக்கேல்லையே, பிள்ளை!"

"கண்ணாடியும் போட்டிருக்கேன் சார்!"

"நான் ஓம் எண்டிட்டன் பிள்ளை! போம்!"

பரீட்சையன்று என் கேள்வித்தாள் வந்தது. எழுதியவர் கொஞ்சம் உற்சாகமாகிவிட்டார் போலும். பெரிய தாளில் தடித்த பேனாவால் தேர்தல் போஸ்டர் மாதிரி எழுதியிருந்தார். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் தங்கள் வெளிறிய தாளை ஓரம் வைத்துவிட்டு என் தாளைப் பார்த்தே கேள்வி வாசித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாஸாகிவிட்டேன். அந்த வரிசையே பாஸாகியது.

அந்த வருடத்தோடு அக்காவின் படிப்பு முடிந்தது. கண் தெரியாத டீச்சர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்ன செய்வார், ஏதாவது அலுவலகத்தில் டெலிபோன் பக்கத்தில் உட்காரட்டும் என்று நுவரெலியாக் கல்வி அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது. அக்காவுக்கோ தன் தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான் வேண்டும். அதிகாரியைப் பார்க்கப் புறப்படுகிற காலையில் என் அறைக்கு வந்தார். வெள்ளைக் கம்பை என் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு நீ துரை. நான் கேக்குறேன்."

வாளியில் போய் உட்கார்ந்தேன். எதிரே பெரட்டக்கா. கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஊரையே நடுங்க வைத்த அந்தக் குரல் நடுங்கியது.

"ஐயா, எங்க தோட்டத்துப் புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்க எனக்கு ஆசைங்க. என்னால முடியுங்க."

"சரிங்க டீச்சர்," என்றேன்.

"அடி கழுத! முடியாதுன்னு சொல்லுடி! இப்படிச் சொன்னா நான் எப்படிப் பழகுறது?"

மறுபடி கேட்டார். தொண்டையைச் செருமி, கம்பைத் தட்டி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அந்த முகம் அவருக்குத் தெரியாது என்பதையும் மறந்துபோனேன். வாயைத் திறந்தால் "சரிங்க டீச்சர்" என்றுதான் வந்தது.

"நீயெல்லாம் ஒரு துரையா!" என்று கம்பைப் பிடுங்கிக்கொண்டு போனார். சில தடவை நுவரெலியாவுக்கு அலைந்து, கேட்ட பள்ளிக்கூடத்தையே வாங்கிக்கொண்டார். அங்கே காலைக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்று தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கேட்கவேண்டும் என்று கேள்விப்பட்டேன்.

இப்போதும் எப்போதாவது டெலிபோன் வரும். "லிந்துலைத் துரை இருக்காங்களா?" என்ற உறுமலோடுதான் பேச்சு தொடங்கும். பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் அனுப்பு என்பார், விழாவுக்கு வந்து பேசு என்பார், ஒழுங்காகச் சாப்பிடு என்பார். எழுதுகிற வேலைக்கு வந்த பிறகு எத்தனையோ பேருக்கு முடியாது என்று சொல்லப் பழகிவிட்டேன். அக்காவிடம் மட்டும் அந்தச் சொல்லை இன்னும் ஒரு தடவைகூடச் சொல்ல வரவில்லை.