பைலட்டு பூக்கேட்ட கதை

விமானம் ஓட்டத் தெரிந்த மனிதர்களில், மோருக்கு உப்புப் போடலாமா வேண்டாமா என்று மாடிப்படி ஏறி வந்து குடியிருப்பவனிடம் யோசனை கேட்ட ஒரே ஆள் எங்கள் பைலட்டுதான். இன்னொருவர் இருந்தால் கூட்டி வாருங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு மோகனூரில் பேங்க் உத்தியோகம். காவிரிக்குப் போகும் தெருவில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரர் ஒரு பெரிய விமானக் கம்பெனியில் கேப்டன். நாற்பதைத் தாண்டியவர், தலையில் பாதி நரை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வீட்டைக் காட்ட ஊரில் ஆள் கிடைக்காது. பைலட்டு ஊடு என்று கேட்டால் தெருநாய்கூட முன்னால் நடந்து வழிகாட்டும்.

கம்பெனி அவரைப் பம்பாய், கல்கத்தா, பெங்களூர் என்று பந்தாடிக்கொண்டிருந்தது. எந்த ஊரிலும் காலூன்றி இருக்க விட்டதில்லை. அதனால் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்துக்கொண்டு மோகனூரிலேயே இருந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. பைலட்டு லீவுக்கு லீவு வருவார், பெட்டியைப் பிரிப்பார், கட்டுவார், போய்விடுவார்.

மேலே போனால் மனிதர் சூரர். நடுவானில் ஓர் எஞ்சின் நின்றுபோய், உள்ளே இருந்தவர்கள் காப்பிக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் விமானத்தைப் பத்திரமாக இறக்கியவர் என்று, அவரோடு வேலை பார்த்த ஒருவர் விருந்துக்கு வந்தபோது சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "அப்படீங்களா? இங்க ஒரு தேங்காய எந்தக் கல்லுல ஒடைக்கறதுன்னு காத்தால இருந்து கையில வெச்சுட்டு நிக்கறாருங்க" என்றார். தொப்பியைக் கழற்றும்போது மூளையையும் சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார் போலிருக்கிறது.

அவரோடு நாமக்கல்லுக்குப் பஸ் ஏறுவது ஒரு தண்டனை. விமானத்தைக் கிளப்புமுன் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். அந்தப் பழக்கம் பஸ்ஸையும் விடவில்லை. பஸ் வந்து நின்றதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை வலம் வருவார். ஒவ்வொரு டயருக்கும் காலால் ஒரு தட்டு. குனிந்து அடியில் ஏதாவது ஒழுகுகிறதா என்று ஒரு பார்வை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, டயரு எங்க மொதலாளிதுங்க" என்பார்.

"உசுரு என்னுதுங்க" என்பார் பைலட்டு சாந்தமாக.

ஏறிய பிறகு அடுத்த கண்டம். எந்தப் பக்கம் உட்காருவது? வெயில் இந்தப் பக்கம் வருமா, தூசி அந்தப் பக்கம் வருமா என்று யோசித்து முடிப்பதற்குள் நாமக்கல் வந்துவிடும். காலி சீட்டுகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எதற்கும் முன்னால் காற்றைப் பார்ப்பார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரல் நடுவே உதிர்ப்பார். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பார்த்துத்தான் நாற்காலியையே போடுவார். சாயங்காலங்களில் மொட்டைமாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, தலை எந்தப் பக்கம் என்பதை மண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு படுப்பார். அதற்குப் பிறகு அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். குழப்பமெல்லாம் போன இடம் தெரியாது. குரலே வேறாகிவிடும்.

"தம்பி, மேகத்துக்கு மேல போய்ட்டா அங்க ஒரு ஊரே இருக்குதுங்க. மேடு, பள்ளம், வரப்பு, வாய்க்கா எல்லாம் இருக்குது. ஆளுதான் இல்ல. யாருமே ஏரோட்டாத காடு. அதும்மேல வெயிலு உழுகறப்போ, எறங்கிக் கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாமான்னு தோணுமுங்க."

"கொல்லிமலை எப்படிண்ணா இருக்கும்?"

"எருமை படுத்திருக்கறாப்ல."

"காவேரி?"

அதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். "நனைச்ச வேட்டிய ஒதறிக் காயப்போட்டாப்ல இருக்கும். அது வளையற எடத்துலதான் நம்ம ஊடு."

கேட்கக் கேட்க எனக்கும் உடம்பு லேசாகிவிடும். ஆற்றுப் பக்கமிருந்து கரும்புத் தோட்டத்தின் வாசம் வரும், கொக்குகள் வரிசையாகத் திரும்பும், கட்டிலும் நாங்களும் மெதுவாகத் தரையை விட்டுக் கிளம்புவது போலிருக்கும். கீழே அக்கா, "தோசை ஆறுதுங்க" என்று சத்தம் போட்டதும்தான் இறங்குவோம்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து மதுரைக்குப் போகும் விமானம் உச்சிப்பொழுதில் எங்கள் ஊருக்கு மேலாகப் போகும். சில நாள் அதைப் பைலட்டே ஓட்டுவார், சில நாள் வேறு யாராவது. எந்த நாள் யார் என்று வீட்டுக்குத் தெரியாது. சத்தம் கேட்டதும் அக்கா செய்கிற வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடி வந்து, ஒரு சிவப்புச் சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து ஆட்டுவார். கீழே ரசம் பொங்கி அடுப்பு அணையும். அதைப் பற்றிக் கவலையே கிடையாது. கல்யாணமான புதிதில், "மேல இருந்து பாத்தா தெரியுதுங்களா?" என்று அக்கா கேட்டதற்கு, "பளிச்சுன்னு தெரியுது" என்று பைலட்டு சொல்லிவிட்டாராம். அன்று ஆரம்பித்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு லீவில் பைலட்டு பேயறைந்த முகத்தோடு வந்து இறங்கினார். வளைகுடா நாட்டு விமானக் கம்பெனி ஒன்று அவரைக் கூப்பிட்டிருந்தது. சம்பளம் இரண்டு பங்கு. வீடு கொடுப்பார்கள், மனைவியோடு ஒரே ஊரில் குடியிருக்கலாம். லீவு முடிவதற்குள் ஆமாம், இல்லை என்று தந்தி அடித்துவிட வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

யோசிக்க இருந்தது. விமானத்தில் கேப்டன் உட்காருவது இடப்பக்க சீட்டு. அவருக்கு உதவியாக இருப்பவர் வலப்பக்கம். புதுக் கம்பெனிக்குப் போனால் பழைய சீனியாரிட்டி கூட வராது, வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டும். அதாவது இத்தனை வருஷம் இடப்பக்கம் உட்கார்ந்தவர் மறுபடி வலப்பக்கம் உட்கார்ந்து, இப்போதுதான் மீசை முளைத்த ஒரு பையனிடம் "ஆகட்டும் சார்" சொல்ல வேண்டும். மறுபடி இடப்பக்கம் எப்போது கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இங்கேயே இருந்தால் சீட்டு பத்திரம். ஆனால் அக்கா மோகனூரில், இவர் ஆகாயத்தில்.

ஊரைக் கேட்க ஆரம்பித்தார். சவரக் கடையில் பாதி மழித்த முகத்தோடு கேட்டார். டீக்கடையில் கேட்டார். கரும்பு வண்டிக்காரர்களை நிறுத்திக் கேட்டார். நான் பேங்க்காரன் புத்தியோடு "போயிருங்கண்ணா" என்றேன். எதிர்வீட்டு லாரி டிரைவர் மட்டும் ஒழுங்காக விசாரித்தார்.

"ஏனுங்க பைலட்டு, இத்தன வருசம் ஸ்டேரிங் புடிச்சுப்போட்டு, வேற மொதலாளிகிட்டப் போனா மறுக்கா கிளீனரு சீட்டுல உக்காரோணுமா?"

"ஆமாங்க. எங்க தொழில்ல அப்படித்தானுங்க."

டிரைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப எங்க லாரியே மேலுங்க. நான் மொதலாளிய மாத்துனா புது வண்டியும் குடுத்து, வழிக்கு முட்டையும் அவிச்சுக் குடுத்து உடுவாங்க."

பைலட்டு நாலைந்து நாள் அந்த முட்டையை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். லீவு கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "இது மனுசங்க சொல்லி ஆவற காரியமில்லீங்க. குலசாமிகிட்டப் பூக்கேட்டுப்போடலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் சாமியிடம் பூக்கேட்பார்கள். சிலையின் இரண்டு தோளிலும் ஈரத்தில் ஒவ்வொரு பூவை ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் செய், இடப்பக்கப் பூ விழுந்தால் செய்யாதே. மேற்கொண்டு பேச்சில்லை.

ஆற்றங்கரையில் அவர்கள் குலதெய்வம் கோயில். நானும் லாரி டிரைவரும் கூடப் போயிருந்தோம். பூசாரி சிலையை நனைத்துப் பூவை வைத்தார், கற்பூரம் காட்டினார். எல்லோரும் கைகூப்பி நின்றோம். அப்போது பைலட்டு குனிந்து, வாசலில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உதிர்த்தார்.

"என்னுங்க பண்றீங்க?" என்றார் பூசாரி.

"காத்து மேக்கால இருந்து வருதுங்க. சாமி வடக்க பாத்து இருக்குது. அப்ப எடப்பக்கப் பூவுலதான் நேரா அடிக்கும். எடப்பூவு உழுந்தா அது சாமி வாக்கு இல்லீங்க, காத்து வாக்கு."

"சாமிக்கே ரூட்டு சொல்லிக்குடுக்கறீங்களா?"

"சொல்லிக்குடுக்கலீங்க. அந்த ஜன்னலைச் சாத்திப்போட்டா நல்லாருக்கும்."

பூசாரி முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார். உள்ளே கற்பூரப் புகை, உச்சிவெயில், புழுக்கம். நான் வேட்டி நுனியால் விசிறிக்கொண்டேன். "தம்பி, காத்து" என்று பைலட்டு அதட்டினார். லாரி டிரைவருக்குத் தும்மல் வந்தது. அதையும் அடக்கச் சொன்னார். சாமிக்கு வியர்க்கிறதோ என்னவோ, நாங்கள் அத்தனை பேரும் தெப்பமாக நனைந்து நின்றோம். பூ அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து மதுரை விமானம் வந்தது.

சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், அக்கா தூணில் தொங்கிய பூசாரியின் சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு வெளியே பாய்ந்தார். துண்டு போகிறதே என்று பூசாரி பின்னால் ஓடினார். பூசாரி ஓடுகிறாரே என்று நாங்களும் ஓடினோம். ஆற்று மணலில் நின்று அக்கா இரண்டு கையாலும் துண்டைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். அண்ணாந்த முகம் முழுக்கச் சிரிப்பு. மேலே அரிசி மணியளவுக்கு வெள்ளையாக ஒன்று தெற்கே நகர்ந்தது.

கடைசியாக வந்த பைலட்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். மேலே பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

"அம்முணி, நான் இங்க நிக்கறேன்" என்றார்.

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. எங்களுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் சிரித்தார். பிறகு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன வருசமா ஆளை உட்டுப்போட்டு அந்தச் சத்தத்தோட குடித்தனம் பண்ணிருக்கறனுங்க. ஆளு பக்கத்துல நிக்கறது கைக்குத் தெரியலியே."

பைலட்டும் உட்கார்ந்தார். மண்ணை உதிர்த்துப் பார்க்காமல் அவர் உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

"மேல இருந்து சேலை தெரியாது அம்முணி. அன்னிக்குப் பொய் சொல்லிப்போட்டேன். ஆறு தெரியும். அது வளையறது தெரியும். அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியுங்க. கொல்லிமலை மேல நின்னு பாத்தப்பவே பஸ்ஸு எறும்பாட்டம் இருந்துது. சேலை எங்க தெரியப்போகுது."

"அப்பறம் எதுக்கு ஆட்டுன?"

"நீங்க பாக்கறதுக்குன்னா ஆட்டுனேன்? எனக்கு ஆட்டோணும்னு இருந்துது."

அக்கா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "ஊரெல்லாம் கேட்டீங்க. மண்ணக் கேட்டீங்க, காத்தக் கேட்டீங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இப்பக் கேக்கறேன்."

"போலாங்க. கொடிக்கால எந்தம்பி பாத்துக்குவான்."

"வலப்பக்க சீட்டு, அம்முணி."

"கல்யாணத்தன்னிக்கு நான் உங்க வலப்பக்கந்தான உக்காந்திருந்தேன்? அங்கிருந்து எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது."

அதற்குள் கோயிலுக்குத் திரும்பியிருந்த பூசாரியின் புலம்பல் உள்ளிருந்து கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு பூவும் தரையில் கிடக்கின்றன. எது முதலில் விழுந்தது என்பதைப் பார்க்க அங்கே ஓர் ஈ காக்கைகூட இல்லை. "இப்ப என்னுங்க பண்றது?" என்று பூசாரி தலையில் கைவைத்தார்.

"பரவால்லீங்க" என்றார் பைலட்டு, "ஜன்னலத் தொறந்து உடுங்க. சாமிக்குப் புழுங்கும்."

அன்று சாயங்காலமே தந்தி போய்விட்டது. தபாலாபீசில் அவர் பேனா மட்டும்தான் கேட்டார், யோசனை கேட்கவில்லை.

அவர்கள் கிளம்பிய நாளில் வழக்கம்போல பஸ்ஸை வலம் வந்து டயரையெல்லாம் தட்டிப் பார்த்தார். ஏறியதும் அக்காவை வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பஸ் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. லாரி டிரைவர் அவித்த முட்டைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் சமையல் செய்துகொண்டிருந்தேன். மதுரை விமானத்தின் சத்தம் கேட்டது. மொட்டைமாடிக் கொடியில் அக்கா அந்தச் சிவப்புச் சேலையை விட்டுப் போயிருந்தார். விமானத்தை யார் ஓட்டினார்களோ எனக்குத் தெரியாது, ஆனால் பைலட்டு இல்லை என்று நன்றாகத் தெரியும். மேலே ஓடி, சத்தம் தெற்கே போய்த் தேயும் வரை சேலையை இரண்டு கையாலும் ஆட்டிவிட்டுக் கீழே வந்து பார்த்தேன். என் ரசம் பொங்கி, ஸ்டவ் அணைந்து கிடந்தது.